மூன்று தரம் அரித்த கம்பு

கருத்தக்கண்ணனுக்கு அடிவயிற்றில் கல் இருக்கிறது என்பது கரட்டுப்பட்டியில் எல்லோருக்கும் தெரியும். அது எப்படி வந்தது என்பதும் தெரியும். பெண்டாட்டி மாயக்காள் கம்பில் கல் அரிக்காமல் கஞ்சி காய்ச்சியதால் வந்தது. பேரையூருக்கு மேற்கே அந்தப் பக்கமெல்லாம் பரல்கல் நிறைந்த செவல் காடு. களத்தில் அடிக்கிற கம்பு தவசத்தில் பொடிக்கல் சேராமல் இருக்காது. அதை அரிக்கஞ்சட்டியில் போட்டு, தண்ணீர் விட்டு ஆட்டி ஆட்டி, கல்லை அடியில் தங்கவைத்துத் தவசத்தை மட்டும் எடுப்பது வீட்டுப் பெண்ணின் வேலை. அந்த வேலையில் அசந்தவளின் புருஷனுக்குக் கல் வராமல் வேறு யாருக்கு வரும்?

இந்த நியாயத்தைக் கண்டுபிடித்தவள் கருத்தக்கண்ணனின் அக்காள் ஒச்சாயி. இரண்டு வீடு தள்ளித்தான் அவளும் வாழ்க்கைப்பட்டிருந்தாள். நினைத்த நேரத்தில் வந்து அடுப்பங்கரையில் நின்று, சட்டிக்குள் விரலை விட்டுக் கம்பைத் தடவிப் பார்ப்பாள். ஒரு கல்கூட அகப்படாது. அகப்படாததையே குற்றமாகச் சொல்வாள்.

"நான் வாரேன்னு தெரிஞ்சு அரிச்சு வச்சிருக்கா. ஏடி, இந்தக் கருத்து மொதல்லயே இருந்திருந்தா எந்தம்பி இப்பிடி மல்லாக்கப் படுத்துக்கிட்டு ஒண்ணுக்குப் போவானா?"

ஊரில் மற்றவர்கள் ஒரு தரம் அரித்தால் மாயக்காள் மூன்று தரம் அரிப்பாள். எட்டு வருஷமாக அரிக்கிறாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. "இவள அத்துவிட்டுட்டு வேற ஒருத்தியக் கட்டுடா" என்று ஒச்சாயி தம்பியிடம் அவள் காதுபடவே சொல்லியிருக்கிறாள்.

கருத்தக்கண்ணன் கிணறு வெட்டுகிறவன். ஐம்பது அடி, அறுபது அடி பாறைக்குள் இறங்கி, கடப்பாறையால் குழி போட்டு, வெடிமருந்து கெட்டித்து, வேட்டு வைப்பான். ஒரு பாறையைக் கையால் தடவியே அது எந்தப் பக்கம் பிளக்கும் என்று சொல்லிவிடுவான். பங்குனி வெயிலில் கிணற்றுக்குள் அனல் அடிக்கும். ஆனாலும் ஒரு செம்புத் தண்ணீருக்கு மேல் குடிக்க மாட்டான். குடித்தால் ஒன்றுக்கு வரும். வந்தால் வடத்தைப் பிடித்து மேலே ஏற வேண்டும். ஏறி இறங்குவதற்குள் பாதி வேலை போய்விடும். இப்படி இருபது வருஷம் உழைத்தவன், கடைசி இரண்டு வருஷம் கிணற்றில் இறங்க முடியாமல் கிடந்தான். மூத்திரம் பாதியில் பட்டென்று நின்றுபோகும். உதட்டைக் கடித்துக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடப்பான். சில நாள் ரத்தமாகவும் போகும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷம் மாசியில் அவனை வண்டியில் போட்டுக் கல்லுப்பட்டிக்குக் கொண்டுவந்து, அங்கே பஸ் ஏற்றி மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தார்கள். மாயக்காள் வந்தாள். அரிக்கஞ்சட்டியும் வந்தது. ஒச்சாயியை யாரும் கூப்பிடவில்லை, அவளும் வந்தாள்.

டாக்டர் சௌரிராஜன் மதுரைக்காரர், பட்டுநூல்காரர். மெலிந்த ஆள், மூக்குக்கண்ணாடி. வைத்தியத்தில் எவ்வளவு ஆசையோ அவ்வளவு ஆசை அவருக்குக் கல் மீதும். அவர் அறையில் ஜன்னலோரம் வரிசையாகக் கண்ணாடிப் புட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு ஆளுக்குள்ளிருந்து எடுத்த கல். முத்துப்போல ஒன்று, ஊமத்தங்காய்போல முள் முள்ளாக ஒன்று. கருத்தக்கண்ணன் வலியை மறந்து அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றான்.

மேஜையில் படுக்கவைத்து, வளைந்த ஒரு இரும்புக் கம்பியை மெதுவாக உள்ளே செலுத்தினார் டாக்டர். கருத்தக்கண்ணன் பல்லைக் கடித்தான். கம்பியின் நுனி எதிலோ தட்டியது. "டக்."

"கேட்டுச்சா?" என்றார் டாக்டர், குழந்தைபோலச் சந்தோஷமாக.

"கேட்டுச்சுய்யா" என்றான் கருத்தக்கண்ணன். "கெட்டிக் கல்லு. பொக்கையா இருந்தா 'டொப்'புங்கும்."

டாக்டர் அவனை நிமிர்ந்து பார்த்தார். "நீ என்ன வேலை செய்யறே?"

அதன் பிறகு இருவருக்கும் பேச்சு ஒட்டிக்கொண்டது. டாக்டர் ஒரு பெரிய நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார். என்ன ஊர், என்ன தண்ணீர், கம்பா கேப்பையா, பால் உண்டா, ஒரு நாளைக்கு எம்புட்டுத் தண்ணி. ஒரு செம்பு என்றதும் தலையில் அடித்துக்கொண்டார்.

"அதெல்லாம் இல்லை டாக்டரய்யா" என்று ஒச்சாயி முன்னால் வந்தாள். "இந்தா நிக்கிறாளே, இவ கல்லு அரிக்காம கஞ்சி காச்சுனா. அதான் காரணம். அத எழுதுங்க."

டாக்டர் சிரிக்கவில்லை. "அப்படியும் சொல்றாங்களா? சரி" என்று அதையும் எழுதினார். எழுதியதை மாயக்காள் பார்த்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் தன்னைப் பற்றிய பழி மையில் ஏறிவிட்டது என்று தெரிந்தது.

"இன்னொண்ணு" என்றார் டாக்டர். "இதுக்கு முன்னாடி மூத்திரம் அடைச்சு, யாராவது உள்ளே குச்சி, கம்பி ஏதாவது விட்டிருக்காங்களா? ஒளிக்காமச் சொல்லணும்."

"இல்லைய்யா" என்றான் கருத்தக்கண்ணன்.

மாயக்காள் தலையைக் குனிந்துகொண்டாள். ஏனென்றால் விட்டிருந்தாள். அவளேதான் விட்டாள்.

எட்டு வருஷத்துக்கு முந்தி, ஒரு ஐப்பசி. விடாத மழை, ஓடையில் வெள்ளம், வண்டி இறங்க வழியில்லை. கருத்தக்கண்ணன் நாலு நாள் காய்ச்சலில் கிடந்தவன், ஐந்தாம் நாள் மூத்திரம் அடைத்து, வயிறு பானையாக உப்பி, கண் செருகிவிட்டான். கம்புக் கல்தான் அடைத்துவிட்டது என்று ஒச்சாயி தெருவில் விழுந்து அழப்போய்விட்டாள். மாயக்காளின் அப்பன் கைவைத்தியம் பார்த்தவன். அவன் செய்ததைச் சின்ன வயதில் அவள் பார்த்திருக்கிறாள். கதவைச் சாத்தினாள். கூரையில் சொருகியிருந்த மயிலிறகை எடுத்து, காம்பைச் சீவி, உள்ளே இருந்த பஞ்சுபோன்ற வெண்சோற்றை ஊசியால் குடைந்து எடுத்தாள். சூடான விளக்கெண்ணெயில் ஊறப்போட்டு வளையும் பதத்துக்கு வந்ததும், குலசாமியைக் கும்பிட்டு, உள்ளே செலுத்தினாள். குபுகுபுவென்று கொட்டியது. ஆள் பிழைத்தான். காம்பை வெளியே இழுத்துப் பார்த்தபோது நுனியில் அரை விரக்கடை இல்லை.

மூத்திரத்தோடு அது வெளியே வந்துவிடும் என்று பத்து நாள் காத்திருந்தாள். வந்ததா என்று தெரியவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கல் அரிக்காதவள் என்ற பெயர் போய், புருஷனுக்குள்ளே கல்லை வைத்தவள் என்ற பெயர் வந்திருக்கும். அதற்குப் பிறகு ஒச்சாயி அவளை அந்த வீட்டில் ஒரு பொழுது இருக்கவிடுவாளா?

ஆபரேஷனுக்கு முதல் நாள் டாக்டர் கருத்தக்கண்ணனிடம் விளக்கினார். "ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, இடுக்கி மாதிரி ஒரு கருவியை உள்ளே விட்டு, கல்லைப் பிடிச்சு நொறுக்கி, தூளைக் கழுவி எடுக்கறது. கத்தி வேண்டாம். நாலு நாள்ல எந்திரிச்சு நடந்திரலாம். நொறுங்கலேன்னா, தொப்புளுக்குக் கீழே வெட்டி எடுக்கணும்."

"மேல இருந்து எறங்கணும்" என்றான் கருத்தக்கண்ணன், கிணற்றைச் சொல்வதுபோல.

"அதேதான்."

"மொதல்ல நொறுக்கிப் பாருங்க. ஆனா நொறுங்காது. நான் சத்தம் கேட்டேன்ல."

ஒச்சாயி குறுக்கே வந்தாள். "இப்பிடி வெட்டுனதுல எம்புட்டுப் பேரு பொழைச்சாக டாக்டரய்யா?"

டாக்டர் நோட்டைப் புரட்டினார். "போன வருஷம் முப்பத்தொரு பேருக்கு வெட்டினேன். இருபத்தெட்டுப் பேர் நல்லாப் போனாங்க. ஒருத்தருக்குப் புண் மூடலை, ஒழுகிக்கிட்டே இருக்கு. ரெண்டு பேர் தங்கலை."

ஒச்சாயி அடங்கிவிட்டாள். மறைக்காமல் சொன்ன டாக்டரை அவளுக்குப் பிடித்துப்போயிற்று, பயமும் பிடித்துக்கொண்டது. டாக்டரும், புண்ணுக்குக் கட்டுப் போடும் டிரெஸ்ஸர் ராமமூர்த்தியும் தங்கள் வீட்டுச் சௌராஷ்டிர பாஷையில் ஏதோ பேசிக்கொண்டு போனார்கள். "என்னமோ நம்மகிட்ட சொல்லக் கூடாததாம்" என்று அவள் மாயக்காளின் கையைப் பிடித்தாள். எட்டு வருஷத்தில் முதல் தடவை.

கருத்தக்கண்ணன் சொன்னபடியே நடந்தது. முதுகில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே மரத்துவிட்டது, காது மட்டும் நன்றாகக் கேட்டது. கருவி கல்லைக் கவ்வியது. டாக்டர் திருகத் திருக நழுவியது. மூன்று தரம் பார்த்துவிட்டுக் கத்தியை எடுத்தார். கொஞ்ச நேரத்தில் பீங்கான் தட்டில் "டங்" என்று ஒரு சத்தம். பிற்பாடு வார்டில் இருந்த ஒவ்வொருவனிடமும் கருத்தக்கண்ணன் இந்தக் கதையைச் சொன்னான், ஏதோ தானே தனக்கு வெட்டிக்கொண்டதுபோல.

நாட்டுக்கோழி முட்டை அளவு கல். சாம்பல் நிறம், ஒரு பக்கம் மஞ்சள். வெளியே கொண்டுவந்து காட்டினார்கள். ஒச்சாயி துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இதை ரெண்டாப் பிளந்து பார்க்கணும்" என்றார் டாக்டர். "கல்லு சும்மா உண்டாகாது. நடுவுல ஏதாவது ஒண்ணு இருக்கும். அதைச் சுத்தித்தான் படியும், வெங்காயச் சருகு மாதிரி. நடுவுல என்னன்னு பார்த்தா காரணம் தெரிஞ்சு போகும்."

"நடுவுல மணல்கல்லு இருக்கும். பாருங்க" என்றாள் ஒச்சாயி.

மாயக்காள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "சாமி, அதக் குடுத்துருங்க. ஒடம்புல இருந்து எடுத்தத மண்ணுல பொதைக்கணும். எங்க வழக்கம்."

"தாரேன்மா. பார்த்துட்டுத் தாரேன். முதல்ல ஆள் எந்திரிக்கட்டும். உங்க முன்னாடியே பிளப்போம்."

ஆள் எழுந்திருப்பது சுலபமாக இல்லை. வயிற்றிலிருந்து ஒரு ரப்பர்க் குழாய் கட்டிலுக்கு அடியில் இருந்த புட்டிக்குப் போனது. ஒரு நாளைக்கு எட்டுச் செம்புத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். வெட்டுக்காயக்காரனுக்குத் தண்ணீரா என்று ஒச்சாயி மலைத்தாள். மாயக்காள் மலைக்கவில்லை, கணக்காக ஊற்றினாள். நாலாம் நாள் குழாய் அடைத்துக் காய்ச்சல் தூக்கிவிட்டது. ராமமூர்த்தி மருந்துத் தண்ணீர் விட்டு மூன்று வேளையும் கழுவினார். பத்தாம் நாள் குழாயை எடுத்தார்கள். மூத்திரம் காயம் வழியே கசிந்து துணியை நனைத்தது. பன்னிரண்டாம் நாளும் நனைத்தது. பதினாலாம் நாளும். 'புண் மூடலை' என்று டாக்டர் சொன்ன அந்த ஒருவனை மூன்று பேரும் நினைத்துக்கொண்டார்கள். மாயக்காள் புளியமரத்தடியில் கல் கூட்டி அடுப்பு வைத்துக் கஞ்சி காய்ச்சினாள். ஆஸ்பத்திரியிலும் மூன்று தரம் அரித்தாள்.

பதினாறாம் நாள் காலையில், மூத்திரம் வர வேண்டிய வழியில் வந்தது. நிற்காமல், வலிக்காமல். கருத்தக்கண்ணன் அதைப் பார்த்தபடி நின்றான், புதுக்கிணற்றில் ஊற்றுக் கண்டவன் மாதிரி. கண்ணில் நீர் வந்துவிட்டது. ஒச்சாயி வார்டு முழுக்க ஓடிப்போய் எல்லாக் கட்டில்காரர்களிடமும் சொன்னாள்.

மறுநாள் டாக்டர் கல்லைக் கொண்டுவந்தார். ஒரு சின்ன ரம்பமும் கொண்டுவந்தார். கட்டிலைச் சுற்றி ராமமூர்த்தி, பக்கத்துக் கட்டில்காரர்கள், ஒச்சாயி. மாயக்காள் மட்டும் சுவரோரம் நின்றாள். டாக்டர் ரம்பத்தை வைத்து இழுத்தார். வழுக்கியது. ஓரம் உதிர்ந்தது.

"நிறுத்துங்கய்யா" என்றான் கருத்தக்கண்ணன். "நாசமாக்கிப்புடுவீக. இங்க குடுங்க. சின்ன உளி இருக்கா?"

எலும்பு வேலைக்கு வைத்திருந்த உளியையும் சுத்தியலையும் ராமமூர்த்தி எடுத்துவந்தார். கருத்தக்கண்ணன் கல்லை உள்ளங்கையில் வைத்து உருட்டினான். கண்ணை மூடித் தடவினான். ஒரு இடத்தில் விரல் நின்றது, பிறகு அதைவிட்டு ஓரத்துக்குப் போனது. ஓரத்தில் உளியை வைத்தான். கொஞ்சம் யோசித்தான். உளி தானாக நகர்ந்ததுபோல மறுபடி முதல் இடத்துக்கே வந்தது. ஒரு தட்டு. இரண்டாவது தட்டு. மூன்றாவதில் கல் சரிபாதியாகப் பிரிந்து இரண்டு பக்கமும் சாய்ந்தது.

உள்ளே வட்டம் வட்டமாக வரி. நடுவில் மணல் இல்லை. வெள்ளையாக, அரை விரக்கடை நீளத்தில், ஒரு குழல்.

டாக்டர் குனிந்து, ஊசியால் அதைத் தொட்டுப் பார்த்தார். "இறகுக் காம்பு!" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது. "இது எப்படி உள்ளே போச்சு?"

மாயக்காள் சுவரை விட்டு வந்தாள். இனி ஒளித்து ஆகப்போவது ஒன்றுமில்லை என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். நின்றபடியே, ஐப்பசி மழையிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். "நாந்தான் வச்சேன். நுனி முறிஞ்சது எனக்குத் தெரியும். பயந்துக்கிட்டுச் சொல்லல."

ஒச்சாயி வாயைத் திறந்தாள். அதற்குள் டாக்டர் கேட்டார். "இந்த வளைவுக்குள்ளே எப்படிம்மா போச்சு?"

"சூட்டு எண்ணெயில ஊறப்போட்டா வளையும் சாமி."

டாக்டர் ராமமூர்த்தியைப் பார்த்தார். பிறகு ஒச்சாயியைப் பார்த்துச் சொன்னார். "அன்னைக்கு இந்த அம்மா இதைச் செய்யலேன்னா, உன் தம்பி அன்னைக்கே போயிருப்பான். எட்டு வருஷம் குடுத்திருக்கா. கல்லு அதுக்கு வந்த கூலி."

ஒச்சாயி தம்பியின் கட்டிலோரம் உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கும் தெரியும் புள்ள" என்றான் கருத்தக்கண்ணன், மெதுவாக.

"என்ன தெரியும்?"

"அன்னைக்குக் கண்ணு சொருகிக் கெடந்தாலும், உள்ள நறுக்குன்னு முறிஞ்சது எனக்குத் தெரிஞ்சுது. நீ பாக்கலைன்னு நெனச்சேன். சொன்னா, என்னமோ உன்னாலதான்னு நெனச்சு நீ வெந்து போவேன்னு சொல்லல. இப்பக்கூட ஓரமா அடிச்சு, இது தெரியாமப் பண்ணீரலாம்னுதான் உளியக் கேட்டேன். கை கேக்க மாட்டேங்குது. கல்லு எங்க பொளக்குமோ அங்கதான் போகுது."

எல்லோரும் மாயக்காள் அழுவாள் என்று எதிர்பார்த்தார்கள். அவளுக்கு வந்தது ஆத்திரம்.

"அப்ப, கம்புல கல்லு இல்லேன்னும் ஒனக்குத் தெரியும்!"

அவன் கல்லின் பாதிகளை ஒன்றோடொன்று பொருத்தினான்.

"தெரிஞ்சுக்கிட்டே இருந்திருக்க! எட்டு வருஷமா மூணு மூணு தரம் அரிச்சேனேய்யா! ஒங்க அக்கா வந்து சட்டிக்குள்ள கைய விட்டுத் தடவுறப்ப, நீ கயித்துக் கட்டில்ல உக்காந்து பாத்துக்கிட்டுத்தான இருந்த? எங்கை ரெண்டும் தண்ணியில ஊறி வெளுத்துப் போச்சுய்யா! 'அக்கா, விடு'ன்னு ஒரு வார்த்த... ஒரு வார்த்த சொல்ல ஒனக்கு வாய் இருந்துச்சா?"

கருத்தக்கண்ணன் கல்லின் இரண்டு பாதிகளையும் கையில் வைத்துக்கொண்டு தலை குனிந்திருந்தான்.

மாயக்காள் டாக்டரிடம் திரும்பினாள். "சாமி, அன்னைக்கு மதினி சொன்னத நோட்டுல எழுதுனீகள்ல. அதை அடிங்க."

டாக்டர் நோட்டை எடுத்துவரச் சொன்னார். பக்கத்தைத் தேடி, 'கஞ்சியில் கல்' என்று எழுதியிருந்த வரிமேல் பேனாவால் ஒரு கோடு இழுத்தார். அவள் குனிந்து, கோடு வரியின் கடைசிவரை போயிருக்கிறதா என்று பார்த்தாள். போகவில்லை. விரலை வைத்துக் காட்டினாள். டாக்டர் மீதியையும் அடித்தார்.

அன்று மத்தியானம் மாயக்காள் அடுப்புப் பக்கம் போகவில்லை. புளியமரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள். அரிக்கஞ்சட்டியை ஒச்சாயி எடுத்தாள். யாரும் எடுக்கச் சொல்லவில்லை.

கஞ்சி தயாரானது. கருத்தக்கண்ணன் மெல்ல நடந்து வந்து மரத்தடியிலேயே உட்கார்ந்து ஒரு வாய் குடித்தான். இரண்டாவது வாயில் "நறுக்" என்றது.

மூன்று பேரும் அதைக் கேட்டார்கள். அவன் மெல்வதை நிறுத்தினான். நாக்கு நுனியிலிருந்து ஒரு வெள்ளைப் பொடிக்கல்லை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"வெங்கச்சங்கல்லு" என்றான், வேறு என்ன சொல்வது என்று தெரியாமல்.

ஒச்சாயியின் முகம் சுண்டிப்போயிற்று. அகப்பையைக் கீழே வைத்தாள். மிச்சக் கம்பையும் சட்டியையும் எடுத்துக்கொண்டு போய் மாயக்காளின் எதிரில் குத்தவைத்து உட்கார்ந்தாள். சட்டியில் தண்ணீர் விட்டாள்.

"ஒரு தரம் அரிச்சேன்" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு. "நீ எப்பிடி அரிப்ப?"

மாயக்காள் கையை நீட்டாமலே சொன்னாள்.

"ஆட்டுங்க மதினி. நான் பாத்துக்கிட்டிருக்கேன்."